ஒட்டுன நம்பரை மட்டும் நம்புற நடீன்

ஆயிரத்து நூத்தி இருபது. இந்த நம்பரை மறக்காதீங்க. ஒரு வேன் தன் முதுகுல சுமக்குற எடை இது, பவுண்டுல. எவ்வளவு இழுக்கும்னு விக்கிறவன் வாய் நிறையச் சொல்லுவான். எவ்வளவு சுமக்கும்னு நீங்களாத்தான் தேடணும்.

நடீன் ஸ்கோக்ஸ்டாடை எனக்கு முப்பது வருஷமாத் தெரியும். அமெரிக்காவுல, அயோவால ஒரு பன்னிக்கறி ஆலை. உள்ள வர்ற பன்னிகளை எடை போடுற மேடைல அவளுக்கு வேலை. நான் அங்க யூனியன் கட்டப் போனவன். முதல் நாள் கேட்டுல நின்னு நோட்டீஸ் குடுத்தேன். எல்லாரும் மடிச்சுப் பையில வச்சுக்கிட்டுப் போனாங்க. இவ மட்டும் அங்கயே நின்னு படிச்சா.

"மணிக்கு ஆயிரம் பன்னி வெட்டுறாங்கன்னு போட்டிருக்கீங்க. நிஜத்துல ஆயிரத்து நாப்பது. யாரு சொன்னா உங்களுக்கு?"

"ஆளுங்க சொன்னாங்க."

"ஆளுங்க சொல்லுவாங்க. உள்ள சுவத்துல ஒட்டியிருக்கு. பாத்தவங்களைக் கேட்டிருக்கலாம்ல?"

நாலாயிரம் நோட்டீஸையும் திரும்ப அடிச்சேன். வேற வழியில்ல, அவ சொன்னது சரி.

அப்புறம் ஆலைய மூடினாங்க. வீடும் போச்சு. மிஞ்சினது இருபத்தாறு அடி டிரெய்லரு, புருஷன் ஓர்வில், அவனோட மூச்சு மெஷின். டிரெய்லர்தான் இப்ப வீடு. கோடைல அயோவால ஒரு முகாம் மைதானத்துல கக்கூஸ் கழுவுறா. குளிருக்கு அரிசோனா போயி இன்னொரு மைதானத்துல கழுவுறா. கூலி கம்மி. ஆனா டிரெய்லர் நிறுத்த இடமும் கரண்டும் சும்மா. அதுக்காகத்தான் அந்தப் பொழப்பு.

இந்த வருஷம் அவங்க பிக்கப் வண்டியோட கியர்பாக்ஸ் எரிஞ்சு போச்சு. அந்த வண்டி நான் பாத்துக் குடுத்தது. 'டிரெய்லரை நல்லா இழுக்கும்'னு வித்தவன் சொன்னதை அப்படியே நான் அவகிட்ட சொன்னேன். அவளும் என் பேச்சை நம்பி வாங்கிட்டா.

அக்டோபர் பதினஞ்சுக்கு இங்க மைதானத்துல தண்ணிய நிறுத்திருவாங்க. நவம்பர் ஒண்ணாந்தேதி அரிசோனாவுல நிக்கலைன்னா அந்த வேலை வேற ஆளுக்கு. உறைபனில தகரப் பெட்டிக்குள்ள ஓர்வில் நுரையீரல் தாங்காது. எப்படியாவது டிரெய்லரை இழுத்துக்கிட்டுத் தெற்க போயே ஆகணும். கைல பத்து நாள்தான் இருந்துச்சு.

அஞ்சு நாள் என் கார்ல சுத்துனோம். ஒண்ணுல அடிச்சட்டம் துருப்பிடிச்சு பிஸ்கட் மாதிரி உதிருது. இன்னொண்ணுல கியர் ஆயில் கருகின வாடை. ஆறாவது நாள் டுவெய்ன் புரூயிட்னு ஒருத்தன் போட்டிருக்கிற பழைய வண்டிக் கொட்டடிக்குப் போனோம். அங்க ரெண்டு பெரிய வேன் இருந்துச்சு.

ஒண்ணு உசந்த கூரை, உள்ள மர வேலைப்பாடு, பின்னாடி படுக்கையா விரியுற சோபா. இன்னொண்ணு பழைய சர்ச் வேன். பதினஞ்சு சீட்டு, ரெண்டு லட்சம் மைலு ஓடினது. பக்கவாட்டுல சுரண்டி எடுத்த எழுத்து இன்னும் லேசாத் தெரியுது.

ஓர்வில் சோபால போயி கால நீட்டிப் படுத்துட்டான். மூச்சு மெஷினைப் பக்கத்துல வச்சுக்கிட்டு, "நான் இறங்கல. வேனோட சேத்து என்னையும் வித்துரு"ன்னான்.

நடீனும் அவன் கால்மாட்டுல உக்காந்தா. அவ அப்படி சும்மா உக்காந்து நான் பாத்ததே இல்ல.

டுவெய்ன் வந்தான். "ஏழாயிரத்து நானூறு பவுண்டு இழுக்கும், மேடம். உங்க டிரெய்லர் எவ்வளவு?"

"சாமானோட ஆறாயிரம்."

"அப்புறம் என்ன? இன்னும் ஒரு படகையும் சேத்துக் கட்டலாம்."

நானும் சொன்னேன், "எடுத்துரு நடீன். அவனுக்குப் படுக்க இடம் வேணும்ல."

அவ என்னைப் பாத்தா. "பிக்கப் வாங்கறப்பவும் இதே தொனிலதான் சொன்னீங்க, தலைவரே."

எந்திரிச்சுப் போயி டிரைவர் கதவைத் திறந்தா. கதவு நிலைல ஒட்டியிருந்த மஞ்சச் சீட்டைக் கண்ணாடி மாட்டிக்கிட்டுப் படிச்சா. ஆளும் சாமானும் சேத்து ஆயிரத்து நூத்தி இருபதுக்கு மேல ஏத்தக் கூடாதுன்னு போட்டிருந்துச்சு.

"டிரெய்லர் மூக்கு வேன் மேல அழுத்துறது எழுநூத்தி எண்பது. எடை மேடைல ஏத்திப் பாத்திருக்கேன். கொக்கி மாட்டுற இரும்பு எழுபது. மிச்சம் எரநூத்தி எழுபது. ஓர்வில் மட்டும் எரநூத்தி முப்பது. நான் நூத்தம்பது. நான் என்ன நடந்தா வரணும்?"

"அதெல்லாம் யாரு மேடம் பாக்குறாங்க?" டுவெய்ன் சிரிச்சான். "ரோட்டுல பாதிப் பேரு இப்படித்தான் போறாங்க."

"போறாங்க. பாதி வழில பிரேக்கு பிடிக்காம பள்ளத்துல கிடக்குறாங்க. அந்த மரம், சோபா, கூரை எல்லாம் வேன் ஏற்கனவே சுமந்துக்கிட்டு நிக்குது. நமக்குன்னு அதுக்கு முதுகு மிச்சமில்ல. இழுக்குறது வேற, சுமக்குறது வேற."

எனக்குச் சுருக்குன்னு பட்டுச்சு. முப்பது வருஷமா ஆலை ஆலையாப் போயி அதைத்தான் நான் நோட்டீஸ் அடிச்சிருக்கேன், ஆள் எவ்வளவு இழுப்பான்னு கேக்காதே, எவ்வளவு தாங்குவான்னு கேளுன்னு. வண்டிகிட்ட வந்ததும் மறந்துட்டேன்.

சர்ச் வேன் கதவுல மூவாயிரத்து நூறுன்னு ஒட்டியிருந்துச்சு. டிரெய்லரை இழுக்குற பலமும் அதுக்கு இருக்குன்னு வண்டிப் புத்தகத்துல பாத்துக்கிட்டா. நான் அடில படுத்துச் சட்டத்தைச் சுத்தியலால தட்டினேன். உதிரல. அவ ஆயில் குச்சிய உருவி மோந்து பாத்தா. கருகின வாடையில்ல. பின் சீட்டு மூணையும் கழட்டிட்டு மெத்தை போட்டுக்கலாம்னு முடிவாச்சு.

ஓர்வில் சோபால இருந்து இறங்க நேரமாச்சு. "நாப்பது வருஷமா சர்ச்சுப் பக்கம் போகல. கடைசில அதுவே வந்து தூக்கிட்டுப் போகுது"ன்னான்.

"படுத்துக்கிட்டே போலாம், குறை சொல்லாதே"ன்னா நடீன். ஆனா கிளம்புறப்ப அந்த மர வேலைப்பாட்டை ஒரு தடவை தடவிப் பாத்துட்டுத்தான் வந்தா.

தண்ணிய நிறுத்துறதுக்கு ரெண்டு நாள் முன்ன கிளம்பினாங்க. அரிசோனா போயி போன் பண்ணா. வேன் தாங்குச்சு, கியர்பாக்ஸ் சூடாகல, ஓர்வில் வழியெல்லாம் தூங்கினானாம். மறுநாள் விடிகாலை அஞ்சு மணிக்கெல்லாம் வாளி, பிரஷ்ஷோட நிக்கணும்னு சொன்னாங்களாம். பன்னெண்டு கக்கூஸ், எட்டு குளியலறை.

நடீனுக்கு வயசு எழுபத்தொண்ணு.