பேர் வெட்டின விளக்கு

எனக்குக் கோவம் ஜாஸ்தி. அதை முதல்லியே சொல்லிடறேன். பின்னால நடந்ததுல பாதி அதனாலதான் நடந்துச்சு.

திண்டிவனத்துல எங்க வீட்டை ஒட்டி ஒரு கீத்துக் கொட்டகை. அதுக்குள்ள ஒரு காரு, செங்கல் அடுக்கின மேடையில ஏறி நின்னுக்கினு இருந்துச்சு. எங்க வீட்டுக்காரரோட வாடகைக் காரு. யாரோ ஒரு வெள்ளைக்காரத் தொர ஊருக்குத் திரும்பறப்ப வித்தது, நாலு கை மாறி இவருகிட்ட வந்துச்சு. கல்யாணம், பிரசவம், பாண்டிச்சேரி ஆஸ்பத்திரி, எல்லாத்துக்கும் அதுதான் போவும். சண்டை வந்து பெட்ரோலுக்கு ரேஷன் போட்டதும் ஓட்டம் படுத்துடுச்சு. இவரு கொஞ்ச நாளு கையக் கட்டிக்கினு உக்காந்து பாத்தாரு. பட்டாளத்துல டிரைவருங்க வேணும்னு கேட்டாங்க. போயிட்டாரு. மலேயாவுக்குக் கப்பல் ஏத்திட்டாங்க.

கெளம்பறதுக்கு முந்தின நாளு டயரு நாலையும் கழட்டிக் கட்டிலுக்கு அடியில தள்ளினாரு. அப்புறம் என்னைக் கூட்டிக்கினு போய் வண்டியச் சுத்திச் சுத்திக் காட்டினாரு. முன்னால ரெண்டு விளக்கு, ரேடியேட்டர் மூடி, சக்கரத்துக்கு ஒண்ணா நாலு பளபளன்னு மூடி, ஹாரன். "சாமான் இப்ப எங்கியும் கெடைக்காது. போச்சுன்னா போச்சுதான். நான் வந்த அன்னைக்கே டயர மாட்டிக் கெளப்பிக்கினு போவணும். எதுவும் கொறையக் கூடாது, பாத்துக்கோ"ன்னாரு. புள்ளைய ஒப்படைச்சிட்டுப் போறவரு மாதிரி சொன்னாரு. எங்களுக்குப் புள்ள இல்ல. அந்த வண்டி முழுசா நின்னா இவரு முழுசா வந்துடுவாருன்னு அன்னைக்கே மனசுல ஏதோ முடிச்சு விழுந்துடுச்சு எனக்கு.

எதிர் வீட்டுல ஒரு அக்கா இருந்தாங்க. கூடப் பொறந்தவங்க இல்ல, ஆனா கூடப் பொறந்தவங்க எதுவும் செய்யாததை அவங்க செஞ்சாங்க. முக்கியமா ஒண்ணு. எங்க பக்கத்துல பொண்டாட்டி புருஷன் பேரைச் சொல்ல மாட்டா. சொன்னா அவரு ஆயுசு கொறையும்பாங்க. நாங்க ஞானஸ்நானம் வாங்கின வேதக்காரங்கதான், ஆனா இந்த விஷயத்துல ஊரோட ஊரு. அப்படியெல்லாம் ஒண்ணும் கெடையாதுன்னு சாமியாரு பிரசங்கத்துலயே சொன்னாரு. அவருக்கென்ன, சொல்லிட்டுப் போவாரு, பொண்டாட்டியா புள்ளையா! பட்டாளத்துக் காயிதம் வரும்போது தபால்காரரு யாரோட சம்சாரம்னு கேட்டா, நான் எதிர் வீட்டைப் பாப்பேன். அக்கா அங்கிருந்தே கணீர்னு இவரு பேரைச் சொல்லுவாங்க. ரேஷன் கார்டுக்கு எழுத வந்தப்பவும் அவங்கதான் சொன்னாங்க. நான் தலைய ஆட்டுவேன். அவ்வளவுதான் வேலை.

சிங்கப்பூரு ஜப்பான்காரன் கையில விழுந்துடுச்சுன்னு சேதி வந்துச்சு. அதோட கடுதாசி நின்னு போச்சு. ஆளைக் காணலைன்னு ஒரு காயிதம் மட்டும் வந்துச்சு. செத்துட்டாருன்னு இல்ல, காணல. காணாதவரு வரத்தானே செய்வாரு!

மொதல்ல ரேடியேட்டர் மூடி போச்சு. ஒரு நாள் காலையில பெருக்கப் போறேன், மூடி இருந்த எடம் ஓட்டையா இருக்குது. அன்னையிலிருந்து நான் பண்ணாத வேலை இல்ல. கருவ முள்ளை வெட்டிக்கினு வந்து கொட்டகையச் சுத்திப் போட்டேன். பம்பருல ஆட்டைக் கட்டினேன், யாராவது வந்தா கத்தட்டும்னு. அது பசிச்சாலும் கத்துச்சு, பசிக்காட்டியும் கத்துச்சு. பளபளப்பு கண்ணுல படாம இருக்கட்டும்னு விளக்கு மேலயும் மூடிங்க மேலயும் சாணியும் கரியும் கொழைச்சுப் பூசினேன். விளக்கைக் கழட்டி உள்ள வெச்சுப் பூட்டிடலாம்னு ஒரு தடவ கழட்டியும் பாத்தேன். கண்ணைத் தோண்டின மூஞ்சி மாதிரி இருந்துச்சு வண்டி. பாக்க முடியல. அன்னைக்கே திருப்பி மாட்டிட்டேன்.

ரெண்டாவது, ஒரு சக்கரத்து மூடி போச்சு. ஞாயித்துக்கெழம பூசைக்குப் போன நேரத்துல. கோயில்ல முழங்கால் போட்டுக்கினு இவருக்காக வேண்டிக்கினு இருக்கறேன், இங்க எவனோ நெம்பி எடுத்துக்கினு போயிருக்கான். எனக்கு வந்த ஆத்திரத்துல கண்ணு தெரியல. எதிர் வீட்டு அக்காவோட தம்பி ஒரு பஸ்ஸுல கிளீனரா இருந்தான். முந்தின நாள்தான் வந்துட்டுப் போயிருந்தான். போதாதா? நடுத்தெருவுல நின்னு, "உன் தம்பி கை வெக்காம வேற எவன் வெச்சான்? கூடவே இருந்துகினு எனக்கே குழி பறிக்கிறியா?"ன்னு கத்தினேன். அக்கா வாசல்ல அப்படியே நின்னாங்க. "நான் உனக்கு என்னம்மா செஞ்சேன்?"னு மட்டும் கேட்டாங்க. நான் குனிஞ்சு மண்ணை வாரி அவங்க வீட்டைப் பாத்துத் தூத்தினேன்.

மண்ணை வாரித் தூத்தறதுன்னா நாசமாப் போன்னு சாபம் விடறது, எங்க ஊருக்காரங்களுக்குத் தெரியும். அதுக்கப்புறம் பேச்சு வார்த்தைக்கு எடமே இல்ல. அக்கா கதவைச் சாத்திட்டாங்க. தெருவுல மத்தவங்களும் என்னைக் கண்டா ஒதுங்கினாங்க, அடுத்து எவ வீட்டு மேல மண்ணு விழுமோன்னு. நான் பூசைக்குப் போறதையும் விட்டேன். தையல் மிஷினைக் கொட்டகைக்குள்ளயே இழுத்துப் போட்டுக்கினு வண்டிக்குக் காவலா உக்காந்து ஜாக்கெட்டு தெச்சேன். பேச ஆளில்லாம வண்டிகிட்ட பேசினேன். ஆட்டையும் வித்துட்டேன், அது கத்தறதாவது கேட்டுக்கினு இருந்துச்சேன்னு அப்புறம் தோணிச்சு.

அப்படி உக்காந்திருந்தப்ப ஒரு நாள் தெருவுல, "பாத்திரத்துக்குப் பேரு வெட்டறதே... பேரு வெட்டறதே..."ன்னு குரல் கேட்டுச்சு. எனக்குப் பளிச்சுனு பட்டுச்சு. சீர்ப் பாத்திரத்துல பேரு வெட்டறோம், கொடத்துல வெட்டறோம், கரண்டியிலகூட வெட்டறோம். களவு போனாலும் இது இன்னார்துன்னு சொல்ல அதுதானே சாட்சி? வண்டியில வெட்டினா என்ன? அந்த ஆளைக் கூப்பிட்டேன். பாவம், கொட்டகைய எட்டிப் பாத்துட்டு, "அண்டா குண்டாவுக்கு வெட்டியிருக்கறேன் தாயி, காருக்கு யாரும் கேட்டதில்ல"ன்னு முழிச்சாரு. அப்புறம் உளியையும் சுத்தியையும் எடுத்துக்கினு விளக்குக்கு முன்னால சம்மணம் போட்டாரு.

"என்ன பேரு வெட்டட்டும்? வீட்டுக்காரரு பேருதானே?"

ஒரு காயிதத்துல எழுதிக் காட்டியிருக்கலாம். எழுதறதுக்குத் தடை இல்ல. ஆனா எனக்கு மனசு ஒப்பல. எங்க இருக்காரோ, எப்படி இருக்காரோ தெரியாத ஆளு. அவரு பேரு மேல உளிய வெச்சு அடிக்கிறதா? "என் பேரையே போடுங்க"ன்னேன். ரெண்டு விளக்கோட வளையத்துலயும், மிச்சம் இருந்த மூணு மூடியிலயும், பம்பருலயும் புள்ளி புள்ளியா என் பேரு ஏறிச்சு. அந்த மத்தியானம் பூரா டொக்கு டொக்குன்னு சத்தம். ரொம்ப நாளைக்கப்புறம் அந்தக் கொட்டகையில நான் இல்லாத இன்னொரு ஆளோட சத்தம். அந்த ஆளு சீக்கிரமா முடிக்கக் கூடாதேன்னு இருந்துச்சு எனக்கு.

அதுக்கப்புறம் மழைக்காலத்துல எனக்குக் குளிர் காய்ச்சல் வந்துச்சு. மிஷன் ஆஸ்பத்திரியில நாலு நாள் போட்டு வெச்சாங்க. வண்டியப் பாத்துக்கோங்கன்னு சொல்ல ஒரு வீடு இல்ல. திரும்பி வந்து பாக்கறேன், எடப்பக்கத்து விளக்கு இல்ல. அந்த எடத்துல ரெண்டு கம்பி நீட்டிக்கினு இருக்குது.

போலீசு ஸ்டேஷனுக்குப் போயி, என் பேரு வெட்டியிருக்குதுன்னு எழுதிக் குடுத்துட்டு வந்தேன். சிரிச்சாங்க. ஆனா அதுதான் பிடிச்சுக் குடுத்துச்சு. விழுப்புரத்துல ஒரு பழைய சாமான் கடையில, விக்கிரவாண்டிப் பக்கத்து லாரி கிளீனரு ஒருத்தன் சாக்கு மூட்டையோட மாட்டினான். மூட்டையில என் விளக்கு. அதோட பேரு வெட்டாத ஒரு மூடியும், ஒரு ரேடியேட்டர் மூடியும். எல்லாத்தையும் எங்க கொட்டகையிலதான் எடுத்தேன்னு ஒத்துக்கினான். அக்கா தம்பிக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. அதைக் கேட்டதும் நான் தூத்தின மண்ணு எல்லாம் என் தலை மேலயே விழுந்த மாதிரி இருந்துச்சு.

விழுப்புரம் கோர்ட்டுல வந்து சாட்சி சொல்லணும்னு சம்மன் வந்துச்சு. தன்னந்தனியா ரயிலேறிப் போனேன். கூண்டுல ஏத்தினாங்க. என் பேரைக் கேட்டாங்க, சொன்னேன். விளக்குல இருக்கற பேரும் அதுதான்னு பாத்துக்கினாங்க.

"கணவர் பேரு?"

வாயைத் தொறக்கல நான். குமாஸ்தாவுக்கு இது பழக்கந்தான். "கூட யாரு வந்திருக்காங்க? அவங்க சொல்லட்டும், நீ ஆமான்னு சொன்னாப் போதும்"ன்னாரு.

"யாரும் வரலீங்க."

"அண்ணன், தம்பி, அக்கம்பக்கம், ஒருத்தருமா இல்ல?"

"இல்லீங்க."

ஜனங்க திரும்பிப் பாத்தாங்க. ஒரு பொம்பளை கோர்ட்டுக்கு ஒத்தையா வருவாளான்னு அவங்க மூஞ்சியில எழுதியிருந்துச்சு. "எழுதித் தரட்டுங்களா?"ன்னு கேட்டேன். மாஜிஸ்ட்ரேட்டு நல்ல மனுஷன். "சாட்சி வாயால சொல்லணும்மா. வண்டி அவரு பேருல இருக்குது, விளக்கு உன் பேருல இருக்குது. நீ அவரு சம்சாரம்னு பதிவாவணும். அவசரமில்ல, இன்னொரு நாள் யாரையாச்சும் கூட்டிக்கினு வா"ன்னாரு.

யாரைக் கூட்டிக்கினு வர்றது? ஒருத்தங்க இருந்தாங்க. அவங்க மேல நான் மண்ணை வாரித் தூத்திட்டேன். மேசை மேல விளக்கு இருந்துச்சு. அது வீட்டுக்கு வந்தாகணும். எதுவும் கொறையக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போயிருக்காரு.

சொல்லிட்டேன். கல்யாணமாகி அத்தனை வருஷத்துல என் வாயில அந்தப் பேரு வந்தது அதுதான் முத தடவ. குமாஸ்தா காதுல விழல. "சத்தமா சொல்லும்மா"ன்னாரு. ரெண்டாவது தடவையும் சொன்னேன். அவரு பாட்டுக்கு எழுதிக்கினாரு.

விளக்கை மடியில வெச்சுக்கினு ரயிலுல வந்தேன். முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி, மயிலம்னு ஒவ்வொரு ஸ்டேஷனா வருது. கொன்னுட்டியே, கொன்னுட்டியேன்னு எனக்குள்ள ஒரே எரைச்சல். எதிர்ல உக்காந்திருந்த அம்மா, "கோயிலுக்கு வாங்கிக்கினு போறியா?"ன்னு கேட்டாங்க. ஆமாம்னுட்டேன்.

வண்டியில விளக்கை மாட்டினேன், மூடிங்களை மாட்டினேன். சாணி, கரியெல்லாம் கழுவித் தொடச்சேன். ஒண்ணும் கொறையல. அன்னைக்குச் சாயங்காலமே அக்கா வீட்டு வாசல்ல போய் நின்னேன். "உன் தம்பி இல்லக்கா. நான் பாவி"ன்னேன். அக்கா என்னைப் பாத்து, "மூடி கெடச்சிடுச்சில்ல, சந்தோஷம்"ன்னுட்டு உள்ள போயிட்டாங்க. அவங்க மேல எனக்குக் கோவம் வரல. வாழ்க்கையில கோவம் வராத மொத நாளு அதுதான்.

அதுலேர்ந்து தபால்காரரு தெருமுனையில திரும்பினாலே நான் கொட்டகைக்குள்ள போயிடுவேன். ரெண்டு தடவ சொன்னியே, ரெண்டு தடவ சொன்னியேன்னு மனசு குத்தும். சண்டை முடிஞ்சுதுன்னு ஊருல பட்டாசு வெடிச்சாங்க. பட்டாளத்துக்குப் போனவங்க ஒவ்வொருத்தரா வந்தாங்க. டயரைக் கட்டிலுக்கு அடியிலேர்ந்து எடுத்துத் தொடச்சு வெச்சேன்.

ஒரு நாள் சர்க்கார் முத்திரை போட்ட பழுப்பு உறை வந்துச்சு. தபால்காரரு புதுசு. "யாரோட சம்சாரம்மா நீங்க?"ன்னு கேட்டாரு. நான் வாயைத் தொறக்கறதுக்குள்ள, எதிர் வீட்டு வாசல்லேர்ந்து அக்கா குரல் கணீர்னு இவரு பேரைச் சொல்லிச்சு. தெருவைத் தாண்டி வந்து என் பக்கத்துல நின்னாங்க. ரெண்டு பேருமா சாமியாருகிட்ட எடுத்துக்கினு போனோம். இங்கிலீஷ்ல இருந்ததை அவரு நிதானமா படிச்சுச் சொன்னாரு. சிறைக் கேம்புல காய்ச்சல் வந்து செத்துட்டாரு. தேதி போட்டிருந்துச்சு.

அந்தத் தேதிய நான் விரல் விட்டு எண்ணிப் பாத்தேன். பேரு வெட்டறவரு எங்க தெருவுக்கு வர்றதுக்கே ஏழெட்டு மாசம் முந்தி. கோர்ட்டுக்கு ஒரு வருஷத்துக்கும் மேல முந்தி.

எல்லாரும் நான் அழுவேன்னு பாத்துக்கினு இருந்தாங்க. எனக்கு மொதல்ல வந்தது அழுகை இல்ல. அப்பாடா, நான் சொன்னதால இல்லன்னு இருந்துச்சு. நெஞ்சுல இருந்த கல்லு எறங்கின மாதிரி. புருஷன் செத்த சேதி கேட்டு எவளாவது அப்பாடான்னு நெனைப்பாளா? நான் நெனைச்சேன். அதுக்கப்புறந்தான் இன்னொண்ணு புரிஞ்சுது. முள்ளு போட்டதும், மிஷினை இழுத்துப் போட்டுக்கினு காவல் கெடந்ததும், அக்காவை எழந்ததும், அதுல பாதிக்கு மேல செத்தவருக்காகத்தான். அப்பத்தான் அழுதேன்.

வண்டி ரொம்ப நாள் கொட்டகையிலயே நின்னுச்சு. முள்ளை எடுத்துட்டேன். யாரும் எதையும் தொடல. தெனமும் காலையில விளக்கைத் தொடச்சுட்டு, ஒரு தடவ இவரு பேரைச் சத்தமா சொல்லுவேன். இனிமே கொறையறதுக்கு ஆயுசு இல்ல. அந்த வீட்டுல அதைச் சொல்ல வேற ஆளும் இல்ல.