எம்ப்ராய்டரி அக்காவுக்குச் செய்த டிஸ்க்

அல்லிநகரத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். பெண் வைத்திருக்கும் கடை என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் இப்போது குறைந்துவிட்டார்கள். ஒரு ஐப்பசி மாதக் காலையில், காமயகவுண்டன்பட்டியிலிருந்து ஓர் அக்கா வந்தார். சிபியுவைக் கட்டைப்பையில் போட்டு, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்திருந்தார்.

அவர் கம்ப்யூட்டர் எம்ப்ராய்டரி போடுகிறவர். கல்யாண ஜாக்கெட்டுகளுக்கு முதுகிலும் கையிலும் கொடியும் பூவும் ஓட்டித் தருவார். அதற்கு முந்தின வாரம் விழுந்த இடியில் அவருடைய பழைய கம்ப்யூட்டரின் மதர்போர்டு கருகிவிட்டது. டிசைன்கள் இருந்த ஹார்டு டிஸ்க் மட்டும் பிழைத்தது. அவசரத்துக்கு வேறொரு கம்ப்யூட்டர் வாங்கினார். அதிலிருந்த புது விண்டோஸில் எம்ப்ராய்டரி சாப்ட்வேர் திறக்கவில்லை. அது விண்டோஸ் செவனில் ஓடிப் பழகிய சாப்ட்வேர்.

சரி, செவனையே போட்டுவிடலாம் என்று இரண்டு கடைகளில் முயன்றிருக்கிறார்கள். செவன் இருக்கிற டிவிடி டிஸ்க்கைப் போட்டால் முதல் திரை வரும், மொழியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். அந்த இடத்தில் மவுஸ் நகராது, கீபோர்டும் கேட்காது. கம்ப்யூட்டரே கோளாறு என்று ஒரு கடையில் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

“ரெண்டு கடையிலயும் ஆகாதுன்னுட்டாக. நீயும் அதத்தான் சொல்லப்போறேன்னா இப்பவே சொல்லிருத்தா. அடுத்த பஸ்ஸப் பிடிச்சிருவேன்.”

கம்ப்யூட்டரை மேசையில் வைத்து ஓடவிட்டேன். விண்டோஸ் வருவதற்கு முந்தின ஆரம்ப செட்டிங்கில் கீபோர்டு நன்றாக வேலை செய்தது. டிஸ்க் ஓடத் தொடங்கியதும் செத்துப்போனது. அதுவே எனக்குப் போதும். அந்த டிஸ்க் தயாரான காலத்தில் இந்தப் போர்டில் இருக்கிற புதுவகை யுஎஸ்பி கிடையாது. தனக்குத் தெரியாத வாசலில் வந்து நிற்கிற மவுஸை அது எப்படிக் கண்டுகொள்ளும்? போர்டு செய்தவர்கள், அந்த வாசலைச் செவனுக்கும் அடையாளம் காட்டுகிற டிரைவர் என்ற சின்ன சாப்ட்வேரை வெளியிட்டிருந்தார்கள். டிஸ்க்கில் உள்ள கோப்புகளைப் பிரித்து அந்த டிரைவர்களை உள்ளே சேர்த்து, மறுபடி டிஸ்க்காக எழுதினால் வேலை முடிந்துவிடும்.

“ஆகும்க்கா. சாயங்காலம் ஆயிரும். நீங்க ஊருக்குப் போங்க, நான் போன் பண்றேன்” என்றேன்.

அவர் போகவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். கோம்பையில் ஒரு கல்யாண வீட்டுக்குப் பெண்ணின் ஜாக்கெட்டுகள் முழுக்க அவரிடம் இருந்தன. துணி வெட்டி, கோடு வரைந்து, வேலை பாதியில் நின்றிருந்தது. அக்காவின் வீட்டுக்காரர் திராட்சைத் தோட்டம் பார்க்கிறவர். இடி விழுந்த மறுநாளே, எம்ப்ராய்டரி மெஷினை விற்றுவிட்டுத் தோட்டத்தைப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டாராம். இதையெல்லாம் அக்கா குறையாகச் சொல்லவில்லை. அந்த மெஷினை வாங்கச் சொன்னதும் வீட்டுக்காரர்தானாம், பயந்துபோய்ப் பேசுகிறார் என்றார்.

நான் டிஸ்க்கின் கோப்புகளை என் கம்ப்யூட்டருக்கு மாற்றி, யுஎஸ்பி டிரைவர், படத்துக்கான டிரைவர், நெட்வொர்க் டிரைவர் எல்லாவற்றையும் சேர்த்தேன். செவனுக்கு வந்திருந்த அப்டேட்களையும் உள்ளேயே ஏற்றினேன். பிறகு ஏற்றினால் ஒவ்வொன்றாக ஓடி, நடுவில் நின்று, பாதி நாளைத் தின்றுவிடும். மதியம் டிஸ்க் எழுதி முடிந்தது. போட்டேன். மொழி கேட்கிற திரை வந்தது. மவுஸ் நகரவில்லை.

அக்கா தரையில் கிடந்த கட்டைப்பையை எடுத்து மடித்து மடியில் வைத்துக்கொண்டார். ஆனாலும் எனக்கு ஆகாது என்று தோன்றவே இல்லை. எங்கேயோ ஒரு இடம் விட்டுப்போயிருக்கிறது, அவ்வளவுதான்.

டீ வரவழைத்து இருவரும் குடித்தோம். குடித்துக்கொண்டிருக்கும்போதே பிடிபட்டது. டிஸ்க்குக்குள் இருப்பது ஒரு விண்டோஸ் இல்லை. கம்ப்யூட்டரில் போய்க் குடியேறுகிற விண்டோஸ் வேறு, அதைக் கொண்டுபோய் இறக்குகிற சின்ன விண்டோஸ் வேறு. நான் பெரியதற்கு மட்டும் டிரைவர் கொடுத்திருந்தேன். கேள்வி கேட்டுக்கொண்டு நின்றதோ சின்னது. அக்காவிடம் அப்படியே சொன்னேன்.

“அப்ப எறக்குற ஆளுக்கே வழி தெரியலயா?” என்றார்.

அதேதான். சின்னதற்கும் யுஎஸ்பி டிரைவரைச் சேர்த்து மறுபடி எழுதினேன். இந்த முறை திரை வந்ததும் மவுஸை அக்காவின் கையிலேயே கொடுத்தேன். அம்புக்குறி அசைந்தது. அவர் அதைத் திரையின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு மெதுவாகக் கொண்டுபோனார், துணியில் கோடு போடுகிற மாதிரி.

மறுநாள் என் வண்டியில் அவருடைய ஊருக்கே போய், எம்ப்ராய்டரி சாப்ட்வேரையும் போட்டு மெஷினோடு இணைத்துக் கொடுத்தேன். பழைய ஹார்டு டிஸ்க்கிலிருந்த டிசைன்கள் எல்லாம் திறந்தன. வீட்டுக்காரர் வாசலிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஊசி இறங்கி முதல் இலை துணியில் விழுந்ததும் உள்ளே வந்து, துணி மாட்டியிருந்த ஃபிரேமைத் தானே பிடித்துச் சரிசெய்தார். மெஷினை விற்கிற பேச்சை அதற்குப் பிறகு அவர் எடுக்கவில்லையாம்.

கிளம்பும் முன் ஒரு விஷயத்தைக் கண்டிப்பாகச் சொன்னேன். இது பழைய விண்டோஸ். இனி இதற்குப் பாதுகாப்பு அப்டேட் வராது. ஆகவே நெட் இணைப்பு கூடாது. டிசைனைப் போனில் வாங்கி, நான் கொடுக்கிற பென் டிரைவில் மட்டும் ஏற்றுங்கள்.

“நெட்டு எதுக்கு, அது பாட்டுக்கு நூல் ஓட்டட்டும்” என்றார் அக்கா.

கல்யாணத்துக்கு முன்பே ஜாக்கெட்டுகள் கோம்பைக்குப் போய்ச் சேர்ந்தன. என்னிடம் அந்த டிஸ்க்கின் இன்னொரு பிரதி இருக்கிறது, மேலே போர்டின் பெயரை எழுதி வைத்திருக்கிறேன். பழைய மெஷின் வைத்திருக்கிற வேறு சிலரும் இப்போது தேடி வருகிறார்கள். அவரவர் போர்டுக்குத் தகுந்தபடி டிஸ்க் செய்து கொடுக்கிறேன்.

கொஞ்ச நாள் கழித்து அக்கா போன் செய்தார். கம்ப்யூட்டருக்கு என்ன ஆனதோ என்று எடுத்தேன். எனக்கு ஜாக்கெட் போட்டுத் தர அளவு கேட்டார். நான் சுடிதார்தான் போடுவேன் என்றேன்.

“அப்பத் துப்பட்டாவக் கொண்டாத்தா.”

கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு ஓரத்திலும் திராட்சைக் கொடி ஓட்டியிருந்தார்.