உறைகிணத்த ஒடைச்சது வெள்ளம் இல்ல

மியூசியத்துல கண்ணாடிக்குள்ள ஒரு சுட்ட மண் வளையம். "உறைகிணறுபா, அந்த காலத்து கிணறு. வெள்ளத்துல இது இருந்த ஊரே அழிஞ்சிருக்கும்"னு கைடு அளந்துக்கினு இருக்காரு. எனக்கு செம காண்டு.

ஆறாவது படிக்கும்போது, சின்ன காஞ்சிபுரத்துல எங்க பாதி கட்டின வீட்டுக்கு செப்டிக் டேங்க் தோண்டுனாங்க. இதே வளையம், ஒண்ணுமேல ஒண்ணா, ஈர மண்ணு வாசனையோட வந்துச்சு.

"மிஸ்கிட்ட சொல்லட்டாபா?"

"சொல்லு. ஆபீசருங்க வந்து வேலைய நிறுத்திட்டு போயிடுவாங்க. மழையில எங்க படுப்ப?"ன்னு அப்பா கடப்பாரைய எடுத்தாரு. எத்தனையோ வெள்ளத்த தாங்குனது, நாலே அடியில நொறுங்கிடுச்சு. துண்டுங்கள கூடையில வாரிக் கொட்டுனது நானு. அழுதுக்கினேதான் கொட்டுனேன், ஆனா கொட்டுனேன்.

இப்பவும் கைடுகிட்ட வாய தொறக்கல. சொன்னா, வீட்ட தோண்ட வந்துடுவாங்களே.