நூறு வீதத் தகரம்

காலையில் கோழிகளைத் திறந்துவிட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு ராசாத்தி வேலிக்கு அந்தப்புறம் வந்து நின்றாள். "அக்கா, பெரியசேர் போயிட்டாராம்," என்றாள்.

"எங்க, பதுளைக்கா?" என்று கேட்டேன். ஓய்வு பெற்ற பிறகும் வாரத்தில் பாதி நாள் பதுளைக் கல்விப் பணிமனைப் பக்கம் போய் வருகிறவர் அவர். கழுத்தில் டையோடு முதல் பஸ்ஸுக்கு நிற்பார்.

"இல்லக்கா. ஒரேயடியா."

கையிலிருந்த தீனியை இறைத்துவிட்டு உள்ளே போய்ச் சாமி விளக்கின் திரியைத் தூண்டினேன். யாருடைய சாவுக்கும் நான் அதைச் செய்வேன். அவருக்கென்று கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

அடக்கம் முடிந்த பிறகு நினைவு மலர்க் குழுவிலிருந்து இரண்டு ஆசிரியர்கள் வந்தார்கள். கருமாதிக்குள் மலர் அச்சாக வேண்டுமாம். என்னிடம் இரண்டு பொருள் கேட்டார்கள். ஒன்று, பெற்றோர் சார்பில் ஒரு கட்டுரை. மற்றதைக் கடைசியில் சொல்கிறேன். "பாடசாலை அபிவிருத்திச் சங்கத்துல ரொம்ப காலம் இருந்தவங்க நீங்கதான். நல்லதா நாலு வார்த்தை எழுதுங்கம்மா," என்றார்கள். நாலு வார்த்தை நல்லது இருக்கிறது. அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

நாங்கள் பெரியசேர் என்று அழைத்த திரு. தங்கவேல் அவர்கள் எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு அதிபராக வந்தபோது அங்கே ஐந்தாம் தரம் வரைதான் இருந்தது. அதைப் பதினோராம் தரத்தில் எழுதும் சாதாரண தரப் பரீட்சை வரை உயர்த்தியவர் அவர். அதற்காகப் பணிமனைப் படிகளில் எத்தனை முறை காத்துக் கிடந்தார் என்பது அவருக்குத்தான் தெரியும். நமுனுகுல மலை இருக்கிற இடமே தெரியாமல் மூடிக்கொண்டு பெய்யும் நாட்களிலும் ஆசிரியர்களுக்கு முன்னால் குடையோடு வாசலில் நிற்பார். காசு திருடினார் என்று யாரும் சொன்னதில்லை, நானும் சொல்லமாட்டேன். "தோட்டத்துப் பிள்ளைன்னு எவனும் ஏளனமா பேசக்கூடாது," என்று ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்வார். ஒருமுறை பணிமனையில் எங்கள் பள்ளியின் பரீட்சைப் பெறுபேற்றை வாசித்த அதிகாரி, வாசித்து முடிக்காமலே சிரித்தாராம். பெரியசேரே இதை எங்களிடம் சொன்னார். அந்தச் சிரிப்பை அவர் மறக்கவேயில்லை. மறந்திருந்தால் எங்கள் பிள்ளைகள் பலர் பிழைத்திருப்பார்கள்.

நல்லது அவ்வளவுதான்.

அந்தச் சிரிப்புக்குப் பதிலாக அவர் கண்டுபிடித்தது ஒரு தகரப் பலகை. பதுளையில் எழுதுவித்து லொறியில் கொண்டு வந்தார். நீல நிறத்தில் வெள்ளை எழுத்து: "சாதாரண தரம் – நூறு வீதம் சித்தி." எழுதிய பிள்ளைகள் எல்லோரும் பாஸ் என்று அர்த்தம். பஸ்ஸில் போகிறவர்களுக்குத் தெரியும்படி வாசலுக்கு மேலே கட்டினார்கள். அடுத்தடுத்த வருஷங்களிலும் அதே பலகைதான். வருஷத்தை மட்டும் அழித்து எழுதுவார்கள். ஹாலிஎலப் பக்கத்திலிருந்துகூடப் பிள்ளைகளைச் சேர்க்க வந்து விசாரித்தார்கள். அந்தப் பலகை தொங்கிய காலம் முழுவதும் எங்கள் பள்ளியில் கணக்குப் பாடத்துக்கு நிரந்தர ஆசிரியர் கிடையாது. சமயம் படிப்பிக்கும் டீச்சரே கணக்கும் படிப்பித்தார். அப்படியிருக்க நூறு எங்கிருந்து வந்தது என்று பணிமனையில் யாரும் கேட்கவில்லை. வந்தவர்கள் எல்லோரும் பலகைக்குக் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

பணிமனையிலிருந்து வருகிறவர்களுக்குப் பொன்னாடை போர்த்துவது எங்கள் சங்கத்தின் முதல் வேலை. பிள்ளைகளின் கழிவறைக்குத் தண்ணீர்க் குழாய் போடக் காசில்லாத மாதத்திலும் பொன்னாடைக்குக் காசு இருந்தது. வீட்டில் உப்புக்கும் மண்ணெண்ணெய்க்கும் கணக்கு எழுதிப் பழகியவள் நான். கணக்கறிக்கை வாசித்த ஒரு கூட்டத்தில் எழுந்து நின்றேன்.

"சேர், பொன்னாடைக்கும் மாலைக்கும் போன காசுல, கணக்குக்கு ஒரு மாஸ்டர பஸ் காசு குடுத்துக் கூட்டி வந்திருக்கலாமே."

"அம்மா, வீட்டுக் கணக்கு வேற, பள்ளிக்கூடத்துக் கணக்கு வேற."

"ரெண்டுலயும் கூட்டுனா கூட்டல்தானே சேர்?"

பின்வரிசையில் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "பணிப்பாளர் மனசு குளிர்ந்தாத்தான் நமக்கு ஆசிரியர் வருவாங்க," என்றார். பணிப்பாளர்கள் மாறிக்கொண்டேயிருந்தார்கள். ஒவ்வொருவரையும் புதிதாகக் குளிரவைக்க வேண்டியிருந்தது. ஆசிரியர் வரவில்லை. அறிக்கையை முன்மொழிய ஒருவர், வழிமொழிய ஒருவர், கைதட்ட மற்றவர்கள், பிறகு ரோல்ஸும் டீயும். பள்ளியின் ஆட்சி அப்படித்தான் நடந்தது.

நூறு வந்த வழியை நான் ராசாத்தி மூலமாகத்தான் அறிந்தேன். சாதாரண தரப் பரீட்சைக்கு விண்ணப்பம் அனுப்பும் காலம் வந்தால் பெரியசேர் தாய்மாரைத் தனித்தனியாகக் கூப்பிடுவார். எல்லாத் தாய்மாரையும் அல்ல, தவணைப் பரீட்சையில் பின்தங்கிய பிள்ளைகளின் தாய்மாரை மட்டும். ராசாத்தியின் மகன் தினேஷும் என் மகள் சுகன்யாவும் ஒரே வகுப்பு. ராசாத்தி கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு, இடுப்பில் கட்டிய சாக்கை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டு நேரே பள்ளிக்கூடத்துக்குப் போனாள். திரும்பி வரும்போது முகமெல்லாம் சிரிப்பு.

"கதிரையில உக்காருங்கன்னாரு அக்கா. டீயும் வந்துச்சு, சோசர்ல வச்சு. பிஸ்கட்டு வேற."

"எதுக்குக் கூப்பிட்டாராம்?"

"தினேஷ் இந்த வருஷம் எழுத வேணாமாம். பெயிலானா பிள்ளை மனசு தாங்காதாம். பொறவு வெளியில இருந்து தனியா எழுதிக்கலாமாம். கையெழுத்துப் போட்டுட்டு வந்தேன்."

"எதுல போட்ட?"

"சொந்த விருப்பத்தின் பேரில்னு வாசிச்சுக் காட்டுனாரு."

"யாரு விருப்பம்டி அது?"

"அவ்வளவு மரியாதையா கேக்கிறப்ப எப்பிடிக்கா இல்லேங்கிறது?"

ராசாத்தியை அதுவரை எந்த அலுவலகத்திலும் யாரும் உட்காரச் சொன்னதில்லை. தோட்டத்து ஆபீஸில் சன்னலுக்கு வெளியே நின்றுதான் அவள் பேசியிருக்கிறாள். இது பெரியசேருக்கு நன்றாகத் தெரியும். அவருடைய தாயும் அதே சன்னலுக்கு வெளியே நின்றவர்தான். தெரிந்துகொண்டேதான் அந்தக் கதிரையை இழுத்துப் போட்டார். இதை மன்னிக்கும் மனதைத் தா என்று சாமியிடம் கேட்டுப் பார்த்தேன். இன்னும் தரவில்லை.

என்னைக் கூப்பிட்டது ஒரு வெள்ளிக்கிழமை. அதே கதிரை, அதே சோசர்.

"டீ எடுங்கம்மா."

"இன்னைக்கு விரதம் சேர்."

"ஒரு பிஸ்கட்டாவது."

"பொழுது சாயிற வரைக்கும் ஒண்ணும் வாயில வைக்கிறதில்ல."

அவர் தடுமாறினார். டீ குடிக்காத ஆளிடம் அந்தப் பேச்சை எப்படித் தொடங்குவது என்று அவருக்குத் தெரியவில்லை. சோசரைத் தன் பக்கம் இழுத்து, மறுபடி என் பக்கம் நகர்த்தினார். பிறகு தாளை எடுத்தார்.

"சுகன்யா கணக்குல ரொம்ப மோசம்மா. இந்த வருஷம் விட்டுருவோம். எல்லாம் உங்க விருப்பந்தான்."

"எனக்கு அப்பிடி ஒரு விருப்பம் இல்லையே சேர்."

"பெயிலானா அவமானம்மா."

"யாருக்கு?"

"பிள்ளைக்குத்தான்."

"அவ தாங்குவா. சோறு போட்டுத்தானே வளத்திருக்கேன்."

பள்ளிக்கூடத்தின் பெயர், தோட்டத்தின் மானம், பணிமனையில் சிரித்த அதிகாரி என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். பதினோராம் தரம் வரை நாள் தவறாமல் பள்ளிக்கு வந்த பிள்ளை பரீட்சை மண்டபத்துக்குள் போகலாமா கூடாதா என்பதுதான் கேள்வி. சுகன்யாவின் விண்ணப்பத்தில் கையெழுத்து வைத்து முத்திரை குத்தும்வரை நான் எழுந்திருக்கவில்லை. நல்ல கதிரைதான்.

சுகன்யா எழுதினாள். கணக்கில் பெயில். மற்றப் பாடங்களில் சித்தி. அந்த வருஷம் நூறு வீதம் வரவில்லை.

அடுத்த சங்கக் கூட்டத்தில் பெரியசேர் எழுந்து, "ஒரு தாயோட பிடிவாதம் எல்லாரோட உழைப்பையும் கெடுத்துருச்சு," என்றார். பெயர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். பரீட்சைக்கே போகாத பிள்ளைகள் எத்தனை பேர் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அந்தப் பிள்ளைகளின் தாய்மாரும் அங்கேதான் இருந்தார்கள், ரோல்ஸ் தட்டை மடியில் வைத்துக்கொண்டு.

பலகையைக் கழற்றிக் கழிவறைக்குப் பின்னால் சாய்த்து வைத்தார்கள். நல்ல கனமான தகரம் மழையில் கிடக்கிறதே என்று பள்ளிக் காவலாளியிடம் கேட்டேன். அவர் அதிபரிடம் போய்க் கேட்டு வந்தார். "கொண்டு போகச் சொல்லு. அவங்க பிள்ளை செஞ்ச வேலைதானே," என்றாராம். கொண்டு வந்தேன்.

அதன் பிறகு சுகன்யாவும் தினேஷும் பதுளையில் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்துக்கு ஒரே பஸ்ஸில் போனார்கள். அவளுக்குத் தையல், அவனுக்கு மின்சார வேலை. அங்கே பெறுபேற்றுத் தாள் கேட்டார்கள். சுகன்யா காட்டினாள், கணக்கில் பெயில் என்று அதில் இருந்தாலும் சேர்த்துக்கொண்டார்கள். மாலையில் தினேஷ் எங்கள் வாசலில் வந்து நின்றான்.

"பரீட்சைச் சுட்டெண் கேட்டாங்க பெரியம்மா. எனக்கு நம்பரே இல்ல. பெயில்னு எழுதுன பேப்பர்கூட எங்கிட்ட இல்லையே."

வெளியிலிருந்து எழுதலாம் என்று பெரியசேர் சொன்னாரே, அப்படி எழுதிய ஒரு பிள்ளையையும் இந்தத் தோட்டத்தில் நான் கண்டதில்லை. தினேஷ் கொழும்பில் ஒரு கடையில் கொஞ்ச காலம் இருந்தான். இப்போது மரக்கறித் தோட்டங்களில் நாட்கூலிக்குப் போகிறான். சுகன்யா பதுளையில் தைக்கிறாள். பெரிய உத்தியோகம் ஒன்றுமில்லை. ஆனால் அவள் எழுதிப் பெயிலானவள்.

சாவு வீட்டுக்குப் போனேன். "நூறு வீதம் கண்ட கல்வித் தந்தை" என்று பெனர் கட்டியிருந்தார்கள். பணிமனையிலிருந்து வாகனத்தில் வந்தவர்கள் உடலுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். வாழ்நாளெல்லாம் மற்றவர்களுக்குப் போர்த்தியவருக்குக் கடைசியாக ஒன்று கிடைத்தது. நூறு வீதத்தில் வந்த பிள்ளைகள் கொழும்பிலிருந்தும் கட்டாரிலிருந்தும் கனடாவிலிருந்தும் அனுப்பிய செய்திகளை ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். அவர்கள் நல்ல பிள்ளைகள்தான். வரத் தூரம் அதிகம்.

பக்கத்தில் இருந்தவர்கள் குழி வெட்டினார்கள். மயானத்துக்குப் போகும் வழியில் பார்த்தேன். முந்தின நாள் மழையில் மண் சரிந்துகொண்டேயிருந்தது. தினேஷ் இடுப்பளவு குழிக்குள் நின்று மண்ணை வாரி மேலே போட்டுக்கொண்டிருந்தான். மேலே நின்ற ஒரு பெரியவர் அவனைச் சீண்டினார்.

"ஏன்டா, ஒன்னைய எழுத விடாதவருக்கா நீ குழி வெட்டுற?"

"பரீட்சைக்குத்தான் மாமா வேணாம்னாரு," என்றான் அவன், மண்வெட்டியை நிறுத்தாமல். "குழி வெட்ட வேணாம்னு எங்கம்மாகிட்ட கையெழுத்து வாங்கலையே."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர்களில் பாதிப் பேருடைய தாய்மாரும் அதே கதிரையில் உட்கார்ந்து டீ குடித்தவர்கள்தான்.

மலர்க் குழுவினர் கேட்ட மற்றப் பொருள் அந்தத் தகரம். பெரியசேரின் பெயரில் பள்ளியில் ஒரு மண்டபம் திறக்கப் போகிறார்களாம். பலகையைக் கழுவிப் புதிதாக வர்ணம் பூசி அங்கே மாட்ட வேண்டுமாம். "அதுதாம்மா சேரோட சாதனை," என்றார் ஒரு ஆசிரியர். அவர்களை வீட்டுக்குப் பின்னால் கூட்டிப் போய்க் காட்டினேன். என் கோழிக்கூட்டின் கூரையாக அது கிடக்கிறது. எழுத்து மேல்பக்கம் இருக்கும்படிதான் போட்டிருக்கிறேன். மேலே போனவர் வாசித்துக்கொள்ளலாம்.

கட்டுரையை இதோ தந்துவிட்டேன். தகரத்தைத் தர மாட்டேன். ஐப்பசி மழை கிட்ட வந்துவிட்டது. பெரியசேரிடமிருந்து எனக்கு மிஞ்சிய பொருள் அது ஒன்றுதான். அதன் கீழே என் கோழிகள் எல்லாம் படுக்கின்றன, முட்டையிடுவதை நிறுத்திவிட்ட அந்தக் கிழட்டுக் கோழியும் சேர்த்து.