பதினோராவது ஆள் புளியங்குடிக்காரன்

சனிக்கிழமை மதியம் முழுக்க என் தொப்பையை வைத்து வாய்க்கு வந்தபடி ஏசியவன், ஆட்டம் முடிந்ததும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "மகளுக்குக் காய்ச்சல்னு சொன்னியே, தேவலையா?" என்று கேட்கிறான். அடிலெய்டுக்கு வந்து ஒன்பது வருடமாகியும் இது எனக்குப் பிடிபடவில்லை. பேட்ஸ்மேனைப் பேசியே கலைப்பதற்கு ஸ்லெட்ஜிங் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மைதானத்தை விட்டு வெளியே வந்தால் அதை மறந்தும்விடுகிறார்கள். சங்கரன்கோவிலில் வற்றிய குளத்துக்குள் நாங்கள் ஆடிய காலத்தில் அப்படியா? வாசுதேவநல்லூருக்கு ஆடப் போன இடத்தில் அந்த ஊர்க்காரன் ஒருவன் எங்கள் பவுலரின் அக்காவைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னான். அவ்வளவுதான், ஸ்டம்பைப் பிடுங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டோம். இன்றைக்கும் அந்த இருவரும் கல்யாண வீட்டில் எதிரெதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள்.

அப்படிப்பட்ட ஊரிலிருந்து வந்த என்னை இங்கே எங்கள் கிளப் அணிக்குக் கேப்டனாக்கிவிட்டார்கள். வழக்கமான கேப்டனுக்கு முதுகுவலி. இரண்டு சனிக்கிழமை நடக்கும் ஆட்டம். டெஸ்ட் மேட்ச் போலவே வெள்ளை உடுப்பு, சிவப்புப் பந்து. நேரம் முடிவதற்குள் எதிரணியின் பத்து விக்கெட்டையும் எடுத்தால்தான் எங்களுக்கு வெற்றி. ஜெயித்தால் அடுத்த வருடமும் நீயே கேப்டன் என்றார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அது ரொம்பவே வேண்டியிருந்தது. எதிரணியில் கடைசியாக இறங்குபவன் செல்வம், எங்கள் ஊருக்குப் பக்கத்தில் எலுமிச்சம்பழச் சந்தைக்குப் பேர்போன புளியங்குடிக்காரன், இங்கே எனக்குப் பக்கத்துத் தெருவில் குடியிருக்கிறான். அன்றைக்கும் என் காரில்தான் வந்தான். "கேப்டன் ஆனதும் அண்ணாச்சிக்குத் தலைகால் புரியல போலுக்கு" என்று வழியெல்லாம் சீண்டிக்கொண்டே வந்தான்.

முதல் சனிக்கிழமை மழை பாதி ஆட்டத்தைக் கெடுத்ததால், இரண்டாம் சனிக்கிழமையும் நாங்களே ஆடிக்கொண்டிருந்தோம். போதுமான ரன் சேர்ந்துவிட்டது. இனி டிக்ளேர் செய்து, அடித்தது போதும் என்று எங்கள் பேட்டிங்கை முடித்துக்கொள்ள வேண்டும். எங்கள் குளத்தில் இந்தப் பேச்சே கிடையாது. பேட்டிங் கிடைப்பதற்கே சண்டை, கிடைத்ததைப் போதும் என்று எவனாவது விடுவானா? எழுந்துபோய், எல்லைக்கோட்டில் நின்று, உள்ளங்கையைக் கவிழ்த்து விரல்களை அசைத்தேன். வா என்று நம்மூரில் கூப்பிடுவது அப்படித்தானே! ஆடிக்கொண்டிருந்த டோபி தலையாட்டிவிட்டு அடுத்த பந்துக்குத் தயாராக நின்றான். மறுபடி அசைத்தேன். கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு, பந்தை வெகு பவ்வியமாகத் தடுத்தான். இப்படியே இரண்டு ஓவர் போய்விட்டது. கடைசியில் நான் கத்திய கத்தலில்தான் உள்ளே வந்தான். "அவசரப்படாதே, நிதானமா ஆடுன்னு சொல்றேன்னு நினைச்சேன், கேப்டன்" என்கிறான்! இவர்கள் உள்ளங்கையை மேலே காட்டித்தான் கூப்பிடுவார்களாம். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

ஃபீல்டிங் இறங்குமுன் எல்லோரும் தோள்மேல் கைபோட்டு வட்டமாக நின்றார்கள். உற்சாகமூட்டும்படி கேப்டன் ஏதாவது பேச வேண்டுமாம். எங்கள் ஊர்க் கேப்டன் சொல்வதையே இங்கிலீஷில் சொன்னேன்: "தோத்தா எல்லாரும் வீட்டுக்கு நடந்துதான் போகணும்." யாரும் சிரிக்கவில்லை. "எனக்குப் பரவாயில்லை, வீடு பக்கம்தான்" என்றான் டோபி.

ஆனாலும் என்னமாய்ப் பந்து போட்டார்கள் பையன்கள்! விக்கெட்டுகள் மளமளவென்று சரிந்தன. ஒன்பது போயாயிற்று. மிச்சம் ஒரே ஓவர். செல்வம் மட்டையைத் தூக்கிக்கொண்டு வருகிறான். அவன் மூச்சுவிடுவது கேட்கும் தூரத்தில் நான் நின்றேன். எங்கள் ஆட்கள் இங்கிலீஷில் ஏசிப் பார்த்தார்கள். அவன் காதிலேயே வாங்கவில்லை. மூன்று பந்து போய்விட்டது. "உங்க பாஷையில நீ எதாவது சொல்லேன்" என்று டோபி என்னைத் தூண்டிவிட்டான்.

"ஏலே செல்வம், எலுமிச்சம்பழ மூட்டை தூக்குன கைக்கு மட்டை எதுக்குலே? போட்டுட்டுப் போ, கார்ல ஏசி போட்டு வைக்கேன்."

அவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "டிக்ளேர் பண்ணத் தெரியாம ரெண்டு ஓவரத் தொலைச்சது நீரு. என்னய ஏன் ஏசுதீரு, அண்ணாச்சி?"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நாலாவது பந்து காலில் பட்டது. தொண்டை கிழியக் கத்தினோம், அம்பயர் இல்லை என்று தலையை ஆட்டிவிட்டார். ஐந்தாவது பந்து ஸ்டம்பை உரசாத குறை. ஆறாவது பந்து நேராக அவன் கால்விரலுக்கே வந்தது. போச்சு என்று நினைத்தேன். எப்படித்தான் இறக்கினானோ, மட்டை சரியான நேரத்துக்கு வந்துவிட்டது. பந்து அவன் காலடியிலேயே நின்றுபோனது. டிரா. என் ஆட்கள் அத்தனை பேரும் தலையில் கைவைத்துக்கொண்டார்கள். எனக்குக் கிடைக்கவிருந்த கேப்டன் பதவியும் அதோடு போயிற்று.

"அடிசக்கை! நின்னு காட்டிட்டியேலே!" என்று மைதானம் அதிர ஒரு சத்தம் கேட்டது. கத்தியது நான்தான். சத்தியமாகச் சொல்கிறேன், அப்படியொரு சந்தோஷம் எனக்கு.

டோபி மூச்சுவாங்க ஓடிவந்தான். "அவனை என்ன சொன்ன?"

"கெட்ட வார்த்தை" என்றேன்.

"அவனுக்கு நல்லா வேணும்" என்று அவன் என் தோளில் கைபோட்டுக்கொண்டான். நான் செல்வத்துக்குக் கைகொடுக்கப் போனபோதும் டோபி அந்தக் கையை என் தோளிலிருந்து எடுக்கவில்லை.