தரை துடைக்க வந்த தட்டு

கட்டிய மனைவியின் மனத்தை வேறொருவன் கவர்ந்துவிட்டான் என்று தெரியவரும்போது ஒரு கணவனின் நெஞ்சு என்ன பாடுபடும்! அதுவும் அந்த வேறொருவன் கையும் இல்லாமல் காலும் இல்லாமல், சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்து வைத்தது போல் வட்டமாக இருந்துவிட்டால்?

மெத்தை டிரைவருக்கு நேர்ந்தது அந்தக் கதிதான்.

மெத்தை என்பது பெற்றோர் வைத்த பெயரல்ல, பயணிகள் வைத்தது. அவர் பிரேக் போட்டால் நின்றுகொண்டிருப்பவர்கள் முன்னால் சாய மாட்டார்கள். தோளில் தூங்கும் குழந்தையோடு நிற்கும் தாய்மார்கள், முன்னால் வந்த பேருந்தைப் போகவிட்டு அவர் வண்டிக்காகக் காத்திருப்பார்கள். ஊரையெல்லாம் அலுங்காமல் குலுங்காமல் சுமந்த மனிதருக்குச் சொந்த வீட்டில் இறங்கி நிற்க நேரமிருந்ததில்லை. விடியுமுன் போவார், இருட்டிய பின் வருவார். பணியில் இருந்த காலமெல்லாம் மனைவியோடு அவர் பேசிய பேச்சை ஒரு பஸ் டிக்கெட்டின் முதுகில் எழுதிவிடலாம்.

அவர் ஓய்வு பெற்ற சமயத்தில்தான் மனைவிக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தது. அந்த அம்மாள் தையல்காரி. வீட்டின் முன்னறைதான் கடை. திருமண கவுன்கள், மேடைத் திரைகள் என்று நீளநீளமான துணிகள் வெட்டும் மேஜையிலிருந்து வழிந்து தரையில் புரளும். தரையில் ஒரு பொட்டு அழுக்கு இருந்தாலும் துணி பாழ், பேரும் பாழ். "குனியவே கூடாதும்மா" என்று மருத்துவர் சொல்லிவிட்டதால், துடைப்பானும் வாளியும் ஓய்வு பெற்ற டிரைவரின் கைக்கு வந்தன.

அவர் துடைத்து முடித்ததும் தினமும் பரீட்சை நடக்கும். தையலம்மா சக்கரம் வைத்த ஸ்டூலில் உட்கார்ந்தபடியே ஒரு வெள்ளை லைனிங் துணியைத் தரையில் போடுவாள். நல்ல காலால் அதை அழுத்தி இழுத்துக்கொண்டே அறையைச் சுற்றி வருவாள். பிறகு துணியைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டுவாள்.

"இது என்ன?"

"நிழலு."

"நிழல் துணியில ஒட்டுமா?"

"என் காலத்துல ஒட்டலை. இப்ப எப்படியோ."

"மூலையைத் தொடவே இல்ல. நடுவுல மட்டும் நாலு இழுப்பு. ரூட்டை முடிக்காம பாதியிலேயே வண்டியைத் திருப்பற ஆளா நீங்க?"

"யாரைப் பார்த்து என்ன சொல்ற!"

இப்படி ஆரம்பிக்கும் சண்டை, மூலையிலிருந்து கிளம்பி எங்கெங்கோ போகும். எந்த நிறுத்தத்தில் எந்தப் பயணி தினமும் பொய்யாக நொண்டினான், எந்த மணப்பெண் அளவெடுத்த பின் இளைத்துத் தொலைத்தாள் என்று பழைய கதையெல்லாம் வெளியே வரும். தன் மனைவி இவ்வளவு வேடிக்கையாகப் பேசுவாள் என்பதே அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. திட்டு வாங்கும் அந்தக் காலை நேரத்துக்காகவே அவர் எழுந்தார், குளித்தார், வாளியில் தண்ணீர் பிடித்தார். ஊர் சிரிக்கும் என்று வெளியே சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அந்த சொர்க்கத்தில்தான் தட்டு வந்து விழுந்தது.

வெளியூரில் இருக்கும் மகள் அனுப்பியிருந்தாள். பெட்டியைப் பிரித்தால் உள்ளே வட்டமான எந்திரம், வயிற்றில் சுழலும் இரண்டு துணி வட்டுகள், அது போய் ஒட்டிக்கொள்ள ஒரு பெட்டி. நல்ல தண்ணீருக்கு ஓர் அறை, அழுக்குத் தண்ணீருக்கு ஓர் அறை. பட்டனை அழுத்தியதும் தேன் குழைத்த குரலில், "துடைக்கத் தொடங்குகிறேன்" என்றது.

மெத்தை டிரைவர் கைகளைக் கட்டிக்கொண்டு பின்னாலேயே நடந்தார். "டிப்போவை விட்டு எடுக்கறப்பவே இடிக்குது பாரு. நாற்காலிக் காலைக் கண்டா சுத்திச் சுத்தி வருது, வழி தெரியாத புது டிரைவர் மாதிரி. மூலைக்குள்ள போகவே இல்ல. உடம்பு வட்டம், மூலை சதுரம், எப்படிப் போகும்?"

சொன்னதெல்லாம் நிஜம்தான். மூலைகளில் தூசி அப்படியே நின்றது. வாசல் மிதியடியை நனைத்தது. மேஜைக்கடியில் கிடந்த நூலைச் சக்கரத்தில் சுற்றிக்கொண்டு மூச்சுத் திணறியது. ஆனால் நடுத்தரை? அதில் முகம் பார்க்கலாம். தையலம்மா வெள்ளைத் துணியைப் போட்டு இழுத்தாள், தூக்கினாள், பார்த்தாள்.

"பரவாயில்லையே!" என்றாள்.

பரவாயில்லையே! அத்தனை மாதம் இடுப்பொடியத் துடைத்தவருக்குக் கிடைக்காத அந்த ஒரு சொல், வந்து இறங்கிய அன்றே அந்தத் தட்டுக்குக் கிடைத்தது. சொல்லிவிட்டு அவள் திரும்பி உட்கார்ந்து தைக்க ஆரம்பித்தாள். மூலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவரைப் பற்றியும் இல்லை. வீட்டில் தையல் எந்திரம் ஓடியது, துடைக்கும் எந்திரம் ஓடியது, நடுவில் ஒரு மனிதர் சும்மா நின்றார்.

மகள் தொலைபேசியில், "பிடிக்கலைன்னா ஒரு வாரத்துக்குள்ள திருப்பி அனுப்பிடலாம்மா" என்றாள்.

"ஞாயித்துக்கிழமை சொல்றேன்" என்றாள் தாய்.

ஆக, இன்னும் சில நாள்தான். அதற்குள் தட்டு பரீட்சையில் தோற்க வேண்டும். தோற்காவிட்டால் தோற்கடிக்க வேண்டும்.

டீக்கடையில் இந்தச் சதிக்கு ஆலோசகராகப் பழைய கண்டக்டர் கிடைத்தார். மெத்தை டிரைவரோடு ஒரே வண்டியில் காலம் தள்ளியவர், அவர் கண்ணசைத்தாலே விசில் அடித்துப் பழகியவர்.

"அண்ணே, டீயைச் சிந்தி நல்லாக் காயவிடுங்க. காய்ஞ்ச கறை அதுக்கு ஆகாது."

"பாவம் இல்லையாடா?"

"மெஷினுக்கு என்னண்ணே பாவம்? அது என்ன அழவா போகுது?"

டீயைச் சிந்திக் காயவிட்டார். அந்தக் காய்ந்த கறைமேல் தட்டு ஏறி இறங்கியதைத் தன் கண்ணாலேயே பார்த்தார். கறை அசையவில்லை. உள்ளுக்குள் பாட்டு பாடிக்கொண்டே டீக்கடைக்குப் போய்த் திரும்பினால், கறையைக் காணவில்லை! அடுத்த நாள் பழைய ஷூவுக்குப் போடும் பாலிஷை எடுத்து ஒரு தீற்றல். அதுவும் மாயம். அதற்கடுத்த நாள் தொட்டி மண்ணைக் குழைத்து டைல்ஸ் இடுக்குகளில் பூசினார். திரும்பி வரும்போது இடுக்குகள் புது வீடு போல் இருந்தன.

"ரெண்டு துணி வட்டும் கொஞ்சம் தண்ணியும்தான்டா அதுக்கு. இடுக்குல எப்படிப் போகும்?" என்று கண்டக்டரிடம் புலம்பினார்.

"அது சாதாரண மெஷின் இல்லண்ணே. நாம இருக்கும்போது ஒண்ணு செய்யுது, போனப்புறம் ஒண்ணு செய்யுது. ஆபீசர் வந்தா மட்டும் வேலை பார்ப்பானே நம்ம டிப்போ கிளார்க்கு, அவனுக்கு நேர் எதிர்."

சனிக்கிழமை வந்தது. இன்று விட்டால் நாளை தீர்ப்பு. கோபம் கண்ணை மறைத்தால் மெத்தையும் முள்ளாகும். மனைவி உள்ளே போன நேரம் பார்த்துத் தலைக்குத் தேய்க்கும் எண்ணெயை எடுத்து, சோபாவுக்கு முன்னால் தரையில் ஊற்றி, கையால் தடவிவிட்டார். வெளிர் நிறத் தரையில் அது கண்ணுக்கே தெரியவில்லை. தட்டு வந்து இதன் மேல் ஓடினால் வீடு முழுக்கப் பூசிவிடும், வெள்ளைத் துணி மஞ்சளித்துப் போகும், கதை முடிந்தது. பட்டனை அழுத்திவிட்டு டீக்கடைக்கு நடந்தார்.

சொன்னதைக் கேட்டுக் கண்டக்டர் சிரிக்கவில்லை. டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

"எண்ணெயா? அண்ணே, அண்ணி அங்க நடப்பாங்களே?"

"அவ ஸ்டூலை விட்டு இறங்க மாட்டா."

"இறங்கினா?"

அறுவை செய்த கால்! ஊரில் ஒரு குழந்தையின் தூக்கமும் கலையாமல் வண்டி ஓட்டிய கை, தன் வீட்டுத் தரையில் எண்ணெய் ஊற்றியிருக்கிறது! மெத்தை டிரைவர் செருப்பை விட்டுவிட்டு ஓடினார். எதிரே வந்த சைக்கிளை இடித்தார், மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை. பணிக்காலம் முழுக்க ஒரு பொருளையும் இடிக்காதவர்!

வீட்டு வாசலில் வந்து நின்றவர் ஜன்னல் வழியே பார்த்தார்.

அவர் மனைவி ஸ்டூலில் இல்லை. ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, நல்ல காலுக்கடியில் ஈரத் துணியை வைத்து, மூலையைத் தேய்தேய் என்று தேய்த்துக்கொண்டிருந்தாள். வலிக்கிற கால் அந்தரத்தில் நின்றது. தட்டு அறையின் நடுவில் ஓடிக்கொண்டிருந்தது. அதனோடு அவள் பேசிக்கொண்டும் இருந்தாள்.

"நீ நடுவுல போ, மூலையை நான் பார்த்துக்கறேன். நாளைக்கு ஒருநாள் மட்டும் அவரு முன்னால மானத்தைக் காப்பாத்திடுடா கண்ணு. உன்னைத் திருப்பி அனுப்பவிட மாட்டேன்."

அடுத்த தேய்ப்பில் அவள் சோபாவை நோக்கி நகர்ந்தாள்.

"நில்லு! காலை வைக்காதே!" என்று அலறியபடி அவர் உள்ளே பாய்ந்தார். அவள் நின்றாள். அவர் நிற்கவில்லை. தட்டு ஏற்கெனவே எண்ணெயைப் பாதி அறைக்குப் பரப்பியிருந்தது. இரண்டு காலும் மேலே போக, சோபா முன்னால் தொப்பென்று உட்கார்ந்தார்.

தட்டு வந்து அவர் முழங்காலில் முட்டியது. "தடை உள்ளது. தயவுசெய்து அகற்றவும்" என்றது.

தையலம்மா முதலில் பயந்தாள், அப்புறம் அவர் முகத்தைப் பார்த்தாள், அப்புறம் மூக்கை உறிஞ்சி மோந்து பார்த்தாள்.

"தலைக்குத் தேய்க்கிற எண்ணெய். டீ, பாலிஷ், மண்ணு… எல்லாம் வேணும்னே பண்ணினதா?"

"ம்."

"அய்யோ, நான் என்னெல்லாம் நினைச்சுப் பயந்தேன்! கை நடுங்கி டீயைச் சிந்தறாரோ, ஷூவே போடாத மனுஷன் பாலிஷை எடுக்கறாரே, புத்தி தடுமாறுதோன்னு. கேட்டா மனசு நோகுமேன்னு வாயை மூடிக்கிட்டுத் தினமும் தேய்ச்சேன். எதுக்குங்க இதெல்லாம்?"

"அது போகணும்னுதான். நீ ஏன் அதுக்குக் காப்பி அடிக்க உதவறே?"

"அது இருக்கணும்னுதான். குனிஞ்சு எழும்போது சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு மூச்சு வாங்கறீங்களே, எனக்குத் தெரியாதுன்னு நினைப்பா? பொண்ணுக்கிட்ட அதைக் கேட்டதே நான்தான். நான் கேட்டேன்னு சொன்னா, எனக்கு ஒண்ணுமில்லைன்னு வீம்புக்கு வாளியைத் தூக்குவீங்க."

மெத்தை டிரைவர் தரையில் உட்கார்ந்தபடி அவளையே பார்த்தார். அவருடைய இடுப்புக்காக அவள் அழைத்து வந்த உதவியாளனையா இத்தனை நாள் எதிரியாக நினைத்தார்!

"நீ பேசவே இல்லையே. அது வந்ததிலேர்ந்து ஒரு திட்டுகூட இல்ல" என்றார்.

"உங்ககிட்ட எண்ணெய் வாடை அடிக்குது. எழுந்திருங்க முதல்ல" என்றாள் அவள். ஆனால் கையை நீட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மகள் அழைத்தபோது அவர் குப்புறப் படுத்திருந்தார், இடுப்பில் வெந்நீர்ப் பை. தையலம்மா கைபேசியை ஸ்பீக்கரில் போட்டாள்.

"என்னம்மா, எப்படித் துடைக்குது?"

"தூசி, கால் தடம், அப்பப்போ சிந்தற தண்ணின்னா நல்லாவே துடைக்குது. மூலைக்குள்ள போகாது. காய்ஞ்ச கறைன்னா மேலே தடவிட்டுப் போயிடும். நூலைக் கண்டா சுத்திக்கும். எண்ணெய் கிடந்தா வீடு பூரா பூசிடும்."

"எண்ணெயா? தரையில எதுக்கு எண்ணெய்?"

"அதை உங்கப்பாகிட்ட கேளு."

"அப்போ திருப்பி அனுப்பிடலாமா?"

தையலம்மா எண்ணெய்ப் பிசுக்கோடு டிப்போவில் நின்ற தட்டைப் பார்த்தாள். எண்ணெய்ப் பிசுக்கோடு கட்டிலில் கிடந்தவரையும் பார்த்தாள்.

"குறை பார்த்தா முடியுமா? உங்கப்பாவையே வச்சுக்கிட்டிருக்கேன். அதுவும் இருக்கட்டும். மூலைக்கு மட்டும் நீளக் குச்சி வச்ச துடைப்பான் ஒண்ணு வாங்கிக்கறோம், அவரு குனியாம நின்னபடியே இழுக்கட்டும். ஆனா ஒரு கண்டிஷன். அது ஓடற நேரத்துல உங்கப்பா டீக்கடைக்குப் போகக்கூடாது. எனக்கு எதிர்ல நாற்காலி போட்டு உட்காரணும்."

"எதுக்கும்மா? அதுதான் தானா ஓடுமே?"

"அது தானா ஓடும். நான் யாரைத் திட்டறது?"

மெத்தை டிரைவர் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். தோள்கள் குலுங்கின. இடுப்பு வலிதான் காரணம் என்று இன்றுவரை சாதிக்கிறார்.