வெள்ளிக்கிழமை வியர்வை

சோக்கட்டி கையிலேயே ஊறிக் குழைந்து போனதுதான் முதல் அடையாளம். கரும்பலகையில் பாதிக் கணக்கு எழுதியிருந்தேன். விரல்களைப் பார்த்தால் வெள்ளைக் களிம்பு பூசியதுபோல் இருந்தது. நெற்றியிலிருந்து நீர் வழிந்து கண்ணுக்குள் இறங்கியது.

அக்கராயன் வெயிலில் வரும் வியர்வை எனக்குத் தெரியும். விறகடுப்பின் முன் வரும் வியர்வையும் தெரியும். அவை சூடாக வரும், காற்றுப் பட்டால் இதமாக ஆறும். இது குளிர்ந்து வந்தது. மேலுதட்டில் முத்து முத்தாக நின்று, கழுத்துக்கும் முழங்கைக்கும் இறங்கியது. தொட்டால் தோல் மீனைத் தொட்டதுபோல் பிசுபிசுத்தது. நெஞ்சு படபடத்தது. உட்கார்ந்தால் எழும்ப வேண்டும்போலிருக்கும், எழும்பினால் எங்கே போவதென்று தெரியாது. சற்று நேரத்தில் தானாகவே நிற்கும். பிறகு களைப்பு மட்டும் மிஞ்சும்.

அது தொண்ணூற்றேழாம் ஆண்டு. யாழ் குடாநாட்டிலிருந்து இடம்பெயர்ந்து வந்து, அக்கராயன் குளத்துக்குக் கிட்ட ஒரு ஓலைக் கொட்டிலில் நானும் கணவரும் இருந்தோம். ஒரே கொட்டகையில் இரண்டு பள்ளிக்கூடங்கள் நடந்ததால் எங்களுக்குப் பின்னேரத்தில்தான் வகுப்பு. சமையல், சாப்பாடு, நித்திரை எல்லாம் இடம்மாறிக் கிடந்த அந்த நாட்களில் நான் மாற்றாமல் வைத்திருந்தவை இரண்டு: நாட்குறிப்பும், சலரோகம் என்கிற நீரிழிவுக்கான காலை மாத்திரையும். படகுக்காகக் கரையில் காத்திருந்த காலையிலும் அந்த மாத்திரையை நேரம் தவறாமல் விழுங்கியிருக்கிறேன்.

வியர்வை வந்த நாட்களையெல்லாம் நாட்குறிப்பில் எழுதினேன். எழுதியதால் ஒன்றும் விளங்கவில்லை. ஒரு நாள் வந்தது, இரண்டு நாள் வரவில்லை, பிறகு வந்தது.

"இஞ்சேரும், இது மலேரியாதான்," என்றார் கணவர். "இந்த ஊரிலை வேர்த்தாலும் மலேரியா, வேர்க்காட்டிலும் மலேரியா."

"காய்ச்சல் காயேல்லையே."

"அது உள்காய்ச்சல்."

விரலில் குத்திக் கண்ணாடித் துண்டில் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். மலேரியா இல்லை. கணவருக்கு அது கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. தெரிந்த வருத்தமென்றால் விழுங்கத் தெரிந்த குளிசை இருக்கிறதல்லவா?

வேலிக்கு அந்தப் பக்கம் குடியிருந்த அம்மா வேறு காரணம் சொன்னா. அவா கிளிநொச்சி நகரிலிருந்து இடம்பெயர்ந்தவா, என்னைவிட நாலைந்து வயது மூப்பு. "ரீச்சர், இது தீட்டு நிக்கிற வயசு வேர்வை. எனக்கும் வந்தது. சேலையைப் பிழிஞ்சு காயப்போட்டனான்." சொல்லிவிட்டுச் சிரித்தா. அவா சிரித்து நான் கண்டது குறைவு. நகரத்தை விட்டு வந்த பிறகு, வீட்டுக் கூரைத் தகரத்தைக் கழற்றி வருகிறேன் என்று அவாவின் ஒரே மகன் சைக்கிளில் திரும்பிப் போனான். சைக்கிளும் வரவில்லை, அவனும் வரவில்லை. அந்தப் பக்கம் அப்போது இராணுவத்தின் கையில் இருந்தது. இடையில் பற்றைக் காடும் மிதிவெடியும்.

நிற்கிற வயதுதான் என்று நானும் சில நாள் நம்பினேன். ஆனால் அவா சொன்ன வியர்வை தீ மூண்டதுபோல் முகம் சிவந்து வருமாம். எனக்கு முகம் வெளிறித்தான் வந்தது. அப்படியென்றால் இது நெஞ்சு வருத்தம்தான் என்று நினைத்துக்கொண்டேன். கணவர் வவுனியா ஆஸ்பத்திரிக்குப் போகப் பாஸ் எடுப்பதைப் பற்றி வாய்க்குள் பேசத் தொடங்கினார். நான் நடந்துகொண்டே இருந்தேன், கிணற்றடிக்கும் படலைக்கும் இடையில், ஒரு காரணமும் இல்லாமல்.

இப்படியிருக்கும்போதுதான் அந்த வெள்ளிக்கிழமை வந்தது.

வெள்ளிக்கிழமைகளில் எனக்கு விரதம். மத்தியானப் பூசை முடிந்துதான் சாப்பாடு. மாத்திரை விரதத்தை முறிக்காது என்பது என் எண்ணம், அதனால் அதை வழமைபோல் காலையில் விழுங்கிவிட்டு, வெறும் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டு அம்மன் கோவிலுக்குப் போனேன். அன்று பூசை பிந்தியது. பறை அடிக்கத் தொடங்கியபோது நெற்றி குளிர்ந்தது. கண்ணுக்கு முன்னால் விளக்குகள் இரண்டிரண்டாகத் தெரிந்தன. கை நடுங்கியது, பிறகு தோள், பிறகு தலை. ஏதோ பேச வாயெடுத்தேன், நாக்குப் புரளவில்லை.

"ஆச்சி வந்திட்டா!" என்று யாரோ கத்தியது கேட்டது. அம்மனைத்தான் அங்கே ஆச்சி என்பார்கள்.

பிறகு நடந்தவை துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கின்றன. முகத்தில் மஞ்சள் தண்ணீர் விழுந்தது. கையில் வேப்பிலையைத் திணித்தார்கள். பக்கத்து வீட்டு அம்மா என் காலடியில் விழுந்து கிடந்தா. அவா என்னவோ கேட்டா. கேள்வி எனக்கு விளங்கவில்லை. நான் பார்த்தது பூசாரியின் கையிலிருந்த புக்கையை மட்டும்தான். வாழையிலைத் துண்டில் சர்க்கரைப் பொங்கல். ஒருத்தி அதை என் வாயில் ஊட்டினாள், மேலும் ஊட்டினாள். கொஞ்ச நேரத்தில் விளக்குகள் ஒவ்வொன்றாகின. நடுக்கம் விட்டது. சட்டை முழுவதும் நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது.

"அம்மன் புக்கை கேட்டு வாங்கிச் சாப்பிட்டிட்டு மலையேறினவா," என்றார் பூசாரி திருப்தியோடு.

வீடு திரும்பும் வழியில் பக்கத்து வீட்டு அம்மா என் கையை விடவேயில்லை.

"நான் கேட்டனான் ரீச்சர். என்ர பிள்ளை உயிரோட இருக்கிறானோ தாயே எண்டு. நீங்கள் ஓம் எண்டு தலையாட்டினீங்கள். ஒருக்கா இல்லை, திரும்பத் திரும்ப."

"எனக்கு ஒண்டும் நினைவில்லை."

"உங்களுக்கு எப்பிடி நினைவிருக்கும்? ஆட்டினது நீங்களோ?" அவாவின் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. "வாற வெள்ளி ஆச்சியைக் கும்பிட்டிட்டு அவனைத் தேடிப் போகப்போறன். வயல் பக்கத்தாலை ஒரு பாதை இருக்காம். உயிரோட இருக்கிறவன் வழி தெரியாமல்தானே நிக்கிறான்?"

எனக்கு அப்போது வந்த வியர்வை வேறு.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனேன். நெஞ்சைப் பற்றித்தான் கேட்கப் போனேன். டொக்டர் ஓலைக் கொட்டகையில் இருந்தார், இளம் வயது, கண்ணெல்லாம் நித்திரை. குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, "நெஞ்சு பிழையில்லை. வேர்க்கிறதுக்கு முன்னம் என்ன சாப்பிட்டனீங்கள் அம்மா?" என்றார்.

"வெள்ளி விரதம்."

"மற்ற நாளிலை?"

யோசித்துச் சொன்னேன். அரை ரொட்டி, சில காலையில் கஞ்சி, சில நாள் பின்னேரம் பள்ளிக்கூடம் முடிந்து வரும்வரை ஒன்றுமில்லை. தேத்தண்ணீருக்குக் கடிக்கும் பனங்கட்டியும் கணவருக்குத்தான், நான் சலரோகக்காரி அல்லவா?

"குளிசை?"

"ஒரு நாளும் விட்டதில்லை," என்றேன். சற்றுப் பெருமையாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன்.

அவர் பேனையை வைத்துவிட்டார். "குளிசை சீனியை இறக்கும் அம்மா. சாப்பாடு இருந்தால் இறக்கிறதுக்குச் சீனி இருக்கும். இல்லாட்டி உள்ளதையும் இறக்கிப்போடும். மூளைக்குச் சீனி காணாட்டி உடம்பு பயந்து வேர்க்கும், நடுங்கும், கதை குழறும். இனிப்புத் தின்னக் குறைஞ்சதெல்லே?"

"புக்கை தந்தவை."

"புக்கைதான் காப்பாத்தினது. இன்னும் பிந்தியிருந்தால் மயங்கி விழுந்திருப்பீங்கள்."

இரத்தத்தில் சீனி பார்க்க அங்கே வழியிருக்கவில்லை. அதனால் மாத்திரையைப் பாதியாக்கச் சொன்னார். சாப்பாடு முன்னால் இருந்தால்தான் மாத்திரை, விரதமென்றால் அன்று காலை இல்லை. பனங்கட்டித் துண்டு எப்போதும் கைப்பையில் இருக்க வேண்டும். வியர்வை குளிர்ந்து வந்தால் காரணம் தேடிக்கொண்டு நிற்காமல் முதலில் அதை வாயில் போட வேண்டும், பிறகு சோறோ ரொட்டியோ சாப்பிட வேண்டும். பேச்சுக் குழறினால் என்ன செய்வதென்று பக்கத்தில் இருப்பவர்களுக்கும் சொல்லி வைக்க வேண்டும். "தண்ணி தெளிக்கிறேல்லை," என்றார்.

பக்கத்தில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். அதுதான் கஷ்டமாக இருந்தது. கணவரிடம் சொன்னேன். "நல்ல காலம், நான் உம்மட்டை ஒண்டும் கேக்கேல்லை," என்றார். பிறகு பனங்கட்டியை இரண்டாக உடைத்துப் பெரிய துண்டை என் பக்கம் தள்ளினார். வேலியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அவாவுக்குச் சொல்லத்தான் வேணும்," என்றார்.

சொன்னேன். கொடியில் மகனின் சாரமும் சேர்ட்டும் காய்ந்துகொண்டிருந்தன. அவனுக்கு மாற்றுடுப்புக் கொண்டுபோகத் துவைத்திருந்தா. அம்மா முழுவதையும் கேட்டா.

"அப்ப என்ர கேள்வி ஆருக்கும் கேக்கேல்லை எண்டுறீங்கள்."

"எனக்குக் கேக்கேல்லை அம்மா. தலை நடுங்கினது."

"வருத்தத்துக்குள்ளாலையும் ஆச்சி வரலாம்தானே?"

"வெள்ளிக்கிழமை சாப்பிட்டிட்டு வாறன். அப்ப பாருங்கோ," என்றேன்.

நாற்பது வருட விரதத்தை அந்த வெள்ளி முறித்தேன். காலையில் சோறும் பருப்பும், அரை மாத்திரை. அன்றும் பூசை பிந்தியது. அதே இடத்தில் நின்றேன். பறை அடித்தது. சனம் என்னைப் பார்த்தபடியே இருந்தது. பூசாரி என் முன்னால் வேண்டுமென்றே இரண்டு தரம் நடந்தார். என் உடம்பு அமைதியாக இருந்தது, மனம்தான் நிலைகொள்ளவில்லை. ஒரு கணம், ஆச்சி வந்துவிடக் கூடாதா என்றுகூட நினைத்தேன்.

அம்மா கிட்ட வந்தா. இடுப்பில் உடுப்புப் பை இருந்தது. என் முழங்கையைப் பிடித்தா, பிறகு புறங்கையால் என் நெற்றியைத் தொட்டா, காய்ச்சல் பார்ப்பதுபோல்.

"காய்ஞ்சு கிடக்கு, ரீச்சர்," என்றா.

"ஓம்."

அவாவின் கைதான் நனைந்திருந்தது. சனத்தோடு சேர்ந்து புக்கை வாங்கினா, தன் பங்கையும் என் இலையில் வைத்தா, "உங்களுக்குத் தேவை" என்று. பிறகு வயல் பக்கம் போகாமல் வீட்டுப் பக்கம் நடந்தா. நான் பின்னால் போனேன். படலையைத் திறந்து உள்ளே போய், பையை அவிழ்த்து, சாரத்தையும் சேர்ட்டையும் திரும்பக் கொடியில் போட்டா. அவை ஏற்கெனவே காய்ந்தவைதான்.